ஞானம் எவருடைய தனிச்சொத்தும் அன்று



எங்கள் பொதுமருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வரும் கிறித்தவக் குடும்பங்கள் அதைச் சற்றுத் தயங்கியே கேட்கின்றன. “டாக்டர், நாங்கள் ஜெபித்து வருகிறோம். கடவுள் குணமாக்குவார் என்று நம்புகிறோம். அப்படியிருக்க, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு ஆகிவிடாதா?” வாய்விட்டுக் கேட்பவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேட்காமலே மருந்தை நிறுத்திவிட்டு, மூச்சுத் திணறலோடோ வலிப்போடோ அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படுகிறவர்களைப் பற்றியே கவலை.

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்தச் சொல்லை நம்புவது, மெய்யான ஞானம் எங்கிருந்து வருகிறது என்னும் பழைய கேள்விதான் அதனுள் இருக்கிறது. கிறித்தவ நம்பிக்கை அதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது: ஞானத்தின் ஊற்று இறைவனே. அந்த விடையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு மருந்தை விலக்குவது அந்த நம்பிக்கைக்கே பொருந்தாது என்பது எங்கள் கருத்து. ஊற்று இறைவன் என்றால், ஞானம் மருத்துவருக்கும் தனிச்சொத்து ஆகாது, போதகருக்கும் ஆகாது, நோயாளிக்கும் ஆகாது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிற சமயங்களைச் சார்ந்த வாசகர்களும் இதில் தமக்குரியதைக் காண்பார்கள் என நம்புகிறோம்.

தமிழில் ‘ஞானம்’ என்ற சொல்

தமிழ்க் கிறித்தவர்கள் ‘ஞானம்’ என்ற சொல்லை ஆளும் விதமே நமக்கு ஒரு பாடம். குழந்தைக்குத் தருவது ஞானஸ்நானம். அக்குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள் ஞானத்தாய், ஞானத்தகப்பன். 1606இல் மதுரைக்கு வந்து, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நோபிலி தம் மறைக்கல்வி நூலுக்கு இட்ட பெயரும் ‘ஞானோபதேசம்’ என்பதே.

இங்கே ஞானம் என்பது படித்துப் பெறும் அறிவைக் குறிக்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றப்படும் பச்சிளங்குழந்தைக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆயினும் அச்சடங்கின் பெயரில் ஞானம் இருக்கிறது. உழைத்து ஈட்டியதாக அன்றி, கொடையாக வருவது என்பதே அதன் பொருள். அறிவைச் சேர்க்கலாம், சான்றிதழாக மாட்டி வைக்கலாம். கொடையாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு பெருமை பேச முடியாது. மருத்துவப் பட்டங்கள் பெற்ற எங்களுக்கும் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி. மருந்தின் அளவும் அதன் விளைவும் அறிவின் பாற்பட்டவை. இந்த மனிதருக்கு, இந்த வீட்டில், இந்த வருமானத்தில் எது நன்மை என்று தெரிவது ஞானத்தின் பாற்பட்டது. முன்னது நூலில் கிடைக்கும். பின்னதற்கு நூலோடு நோயாளியின் சொல்லும் வேண்டும்.

அச்சம் காக்கிறது

இறையச்சமே ஞானத்தின் தொடக்கம் என்பது விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் கருத்து. ‘அச்சம்’ என்றவுடன் தண்டனைக்கு நடுங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காற்றின் போக்கைப் பார்த்து, இன்று வேண்டாம் என்று படகைக் கரையிலேயே நிறுத்துபவரை எவரும் கோழை என்று சொல்வதில்லை. அவர் கடலை அறிந்தவர். தம்மைவிடக் கடல் பெரிது என்பதையும் அறிந்தவர். இறையச்சமும் அத்தகையது. நம் எல்லையை நாம் அறிந்து நடப்பது அது.

உடலுக்கும் அப்படியோர் அச்சம் உண்டு. அதன் பெயர் வலி. இதை உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். 1914இல் கொல்லிமலையில், மிஷன் பணி செய்துவந்த பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தவர்களின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு அற்றுப்போவதால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் ஏற்படும் காயங்களே அந்தச் சேதத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினர். ஆழ்ந்த கிறித்தவரான அவர், வலியை இறைவனின் கொடையாகவே கண்டார். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே அறிவு நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்கும் பயன்பட்டது.

இந்த வரலாறு காசிமேட்டுக்கு மிக நெருக்கமானது. மீன்பிடித் துறைமுகத்தில் ஈரத்திலும் பனிக்கட்டியிலும் செருப்பின்றி நிற்பவர்களுள் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்வு குறையும். மீன்முள் குத்தியிருப்பதே தெரியாது. “வலியே இல்லை, டாக்டர்” என்று அவர்கள் ஆறுதலாகச் சொல்லும்போதுதான் எங்களுக்குக் கவலை மிகுகிறது. ஆகவே ஒவ்வொரு நாள் இரவும் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள். வலியில்லாத புண்ணானாலும் உடனே காட்டுங்கள். உடலின் அச்சம் மங்கிவிட்ட இடத்தில், நம் கவனம்தான் அதற்கு ஈடாக நிற்க வேண்டும்.

கேட்கும் உள்ளம்

சாலமோன் அரசன் இளம் வயதில் அரியணை ஏறியபோது, வேண்டியதைக் கேள் என்று இறைவன் கனவில் சொன்னதாக அரசர்கள் நூல் கூறுகிறது. அவர் செல்வம் கேட்கவில்லை. நீண்ட ஆயுளும் கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கத் தக்க உள்ளத்தைக் கேட்டார். எபிரேய மூலத்தில் அதற்கு வழங்கும் தொடரின் நேர்ப்பொருள் ‘கேட்கும் உள்ளம்’ என்பது. விவிலியம் போற்றும் பெரிய ஞானி வேண்டிப் பெற்றது செவிசாய்க்கும் திறனே என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மருத்துவமும் கேட்பதிலிருந்தே தொடங்குகிறது. 1816இல் பாரிஸில் ரெனே லேனெக் என்னும் மருத்துவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அவர் பற்றுமிக்க கத்தோலிக்கர். காசநோயாளிகளின் நெஞ்சொலியை நுணுகிக் கேட்டு எழுதிவைத்த அவர், 1826இல் காசநோய்க்கே பலியானார். இன்று எங்களிடம் ஸ்கேன் கருவிகள் உள்ளன, ஆய்வுக்கூடம் உள்ளது. ஆயினும் நோயாளி சொல்வதைக் கேளாமல் செய்யும் பரிசோதனை பல வேளைகளில் வழிதவறிப் போகிறது. கூட்டம் மிகுந்த காலை நேரத்தில் பொறுமையாகக் கேட்பது எளிதன்று. எனினும் அதை எங்களிடம் எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்கும் உள்ளத்துக்கு எதிரே சொல்லும் துணிவும் வேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா? உபவாசம் இருக்கிறீர்களா? பல நாள் கடலில் தங்கிய படகில் மாத்திரை தீர்ந்துபோயிற்றா? பணமில்லாமல் பாதி மாத்திரை சாப்பிட்டீர்களா? எங்களிடம் சொல்லுங்கள். வடசென்னையின் வாழ்க்கை எங்களுக்கு அறிமுகமானதுதான். கடலுக்குப் போகுமுன் எத்தனை நாளுக்கு மாத்திரை வேண்டும் என்று கேட்டால் அதற்கேற்ப எழுதித் தருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பரிசோதனைகளுக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள் தவக்காலத்திலோ வேறு நோன்பிலோ மருத்துவரைக் கேளாமல் உணவை விடலாகாது; சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். கத்தோலிக்கத் திருச்சபை நோயாளிகளை நோன்புக் கடமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. இசுலாமிய மரபிலும் நோயாளிக்கு அந்தச் சலுகை உண்டு.

இராயப்பரின் ஊர்

காசிமேட்டை அடுத்த இராயபுரத்தின் பெயர், இராயப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பேதுருவின் பெயரால் அமைந்தது என்பது ஊர் வழக்கு. படகோட்டும் குடியினர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. கடலோடிகள் ஒரு மீனவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டது இயல்பே. ஆயினும் ஞானத்தைப் பற்றி இராயப்பரின் கதை சொல்வது இன்னும் ஆழமானது.

இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வந்தவர் அவர். மீண்டும் ஆழத்தில் வலையை இறக்கச் சொன்னவர் தச்சர் வீட்டுப் பிள்ளை. கடலறிந்த மீனவர், கடலில் தொழில் செய்யாத ஒருவரின் சொல்லைக் கேட்டு வலையை இறக்கினார் என்று லூக்காவின் நற்செய்தி கூறுகிறது. தம் தொழிலில் தேர்ந்தவருக்கு அடுத்தவர் சொல்லைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை மருத்துவர்கள் நன்கு அறிவோம். பின்னர் அதே பேதுரு எருசலேமின் அவையின் முன் நின்று பேசியபோது, கல்வியறிவு இல்லாத இவருக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது என்று அவையோர் வியந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

இதிலிருந்து நாங்கள் கொள்ளும் பொருள் இது: ஊற்று ஒன்றாயினும் அது எந்த வாய்க்கால் வழியே வரும் என்று நாம் முன்கூட்டி விதிக்க முடியாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், “இவர் முகம் நேற்றுப்போல் இல்லை” என்று சொன்னது ஓர் உயிரைக் காக்கக்கூடும். எழுதப்படிக்கத் தெரியாத மனைவி கணவரின் மூச்சில் கண்ட மாற்றம், எங்கள் கருவி காட்டுமுன்னே நோயைக் காட்டக்கூடும். அதுபோலவே, வேதம் கற்றிராத ஒரு மருத்துவரின் சொல்லிலும் இறைவனின் ஞானம் உங்களை வந்தடையக்கூடும். அதைத் தள்ளிவிடுவதற்கு நம்பிக்கை என்று பெயரிடுவது பொருந்துமா?

ஜெபமும் மருந்தும்

விவிலியமே இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. எசேக்கியா அரசர் சாகும் தறுவாயில் அழுது மன்றாடினார். அவர் வேண்டுதல் கேட்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த இறைவாக்கினர் எசாயா, உடனே அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். மன்றாட்டும் மருந்தும் அங்கே ஒரே நிகழ்வின் இரு பகுதிகள். பவுலுடன் பயணம் செய்த லூக்கா மருத்துவர். கொலோசையர் திருமுகத்தில் பவுலே அவரை அன்போடு அப்படிக் குறிப்பிடுகிறார். கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மருத்துவரையும் மருந்து விளையும் நிலத்தையும் படைத்தவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் மருந்தைப் புறக்கணிக்க மாட்டார், நோயுற்றால் மன்றாடு, பின் மருத்துவருக்கும் இடம் கொடு என்பது அந்நூல் தரும் அறிவுரையின் சாரம். சீர்திருத்த சபையினர் இந்நூலைத் தம் வேதாகமத்தில் சேர்ப்பதில்லை எனினும், மருத்துவமனைகளைக் கட்டி எழுப்பியதில் அவர்கள் பின்தங்கவில்லை. 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து மிஷன் மருத்துவராகச் சென்னைக்கு வந்த மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையாரின் பணியிலிருந்து வளர்ந்ததே இராயபுரத்தின் ரெய்னி மருத்துவமனை. மருந்து நம்பிக்கைக்கு எதிரானது என்று அவர் எண்ணியிருந்தால், வடசென்னையின் தாய்மார்களுக்கு அந்த வாசல் திறந்தே இருந்திராது.

காசநோயை எடுத்துக்கொள்வோம். நெருக்கமான வீடுகள் மிகுந்த நம் பகுதியில் இன்னும் அது பெரும் சுமை. ஒரு காலத்தில் அதற்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும், நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அந்த உறுதியைச் சோதித்துப் பார்த்தது. நகரின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தும் மற்றவர்கள் சானடோரியத்திலிருந்தும் ஓராண்டு மருந்து பெற்றனர். 1959இல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவோடு வாழ்ந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள்; அவர்கள் வீட்டார்க்கு அதனால் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது இதனால்தான். ‘எமக்குத் தெரியும்’ என்ற எண்ணத்தை உண்மையின் முன் பணியவைத்த அந்த ஆய்வில், ஞானத்துக்குரிய பணிவை நாங்கள் காண்கிறோம்.

இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். இரண்டே மாதத்தில் இருமல் நின்று பசி திரும்பும். அந்நேரத்தில்தான் சிலர் ‘சுகம் கிடைத்துவிட்டது’ என்று மருந்தை நிறுத்துகிறார்கள். உள்ளே எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம். அப்போது துன்பம் நோயாளிக்கு மட்டுமன்று, ஒரே அறையில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கும்தான். வலிப்பு மாத்திரையையும் இன்சுலினையும் திடீரென நிறுத்துவது சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். சுகம் கிடைத்ததற்காக நன்றி செலுத்துங்கள். அந்த நன்றியோடே மீதி மாத்திரையையும் முடியுங்கள். குணம் மெய்யானால் பரிசோதனையும் அதையே காட்டும். மருந்தைக் குறைக்கலாமா என்பதை அப்போது சேர்ந்து முடிவு செய்வோம். உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவின் பெயரால் நம் நகரில் சாந்தோம் பேராலயம் இருக்கிறது. தோமா விரட்டப்படவில்லை, வந்து தொட்டுப் பார் என்று அழைக்கப்பட்டார். சோதித்து அறிய விரும்புவது நம்பிக்கைக்குப் பகை அன்று.

எந்தக் குரலை நம்புவது?

ஞானம் பல வாய்க்கால்களில் வரும் என்றால், பொய்க்குரலை எப்படி இனங்காண்பது? யாக்கோபின் திருமுகம் அதற்கு ஓர் உரைகல் தருகிறது. மேலிருந்து வரும் ஞானம் தூய்மையானது, அமைதியை நாடுவது, சாந்தமானது, பிறர் சொல்லுக்கு இணங்கக் கூடியது, இரக்கம் நிறைந்தது என்று அது விளக்குகிறது. தன்னலமும் பொறாமையும் இருக்குமிடத்தில் அந்த ஞானம் இல்லை என்கிறது. இந்த உரைகல்லில் எல்லாக் குரல்களையும் உரசிப் பாருங்கள். எங்கள் குரலையும் சேர்த்தே சொல்கிறோம். கேள்வி கேட்டால் சீறுகிறதா? அச்சுறுத்திப் பணம் கேட்கிறதா? மாத்திரையை வீசியெறிந்தால்தான் அற்புதம் நடக்கும் என்று நிபந்தனை விதிக்கிறதா? நோய் தீராவிட்டால் உன் நம்பிக்கைதான் குறை என்று பழிபோடுகிறதா? அப்படியானால் அது மேலிருந்து வந்த குரல் ஆகாது. மன்றாடிவிட்டு, “டாக்டரிடமும் போய்வாருங்கள்” என்று அனுப்பிவைக்கும் பங்குத்தந்தையரையும் ஆயர்களையும் போதகர்களையும் நாங்கள் நன்கறிவோம். அவர்கள் எங்கள் உடன்பணியாளர்கள்.

நோயாளியின்மேல் பழி போடுவதைப் பற்றி இன்னும் ஒரு சொல். யோபு நோயுற்றபோது, நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடிய நண்பர்களை இறுதியில் இறைவன் கண்டித்தார், யோபுவை அன்று. பவுல் தம் உடலில் முள்போல் வருத்திய ஒன்றை நீக்குமாறு மும்முறை மன்றாடியும் அது நீங்கவில்லை என்று தாமே எழுதுகிறார். துரோப்பிம் என்னும் உடன்பணியாளரை நோயாளியாகவே மிலேத்து நகரில் விட்டுவந்ததாகவும் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் குறிப்பிடுகிறது. இவர்களுக்கெல்லாம் நம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்லத் துணியார். உங்கள் சர்க்கரை அளவு உங்கள் பக்தியின் அளவுகோல் ஆகாது. உங்கள் பிள்ளையின் புற்றுநோய் உங்கள் மன்றாட்டின் தோல்வியும் ஆகாது.

குணமாக்க முடியாத இடத்தில்

கிறித்தவ நம்பிக்கை ஞானத்தைப் பற்றிச் சொல்லும் மிக வியப்பான செய்தி இனிமேல்தான் வருகிறது. கொரிந்து நகர மக்களுக்கு எழுதும்போது பவுல், இறைவனின் ஞானம் சிலுவையில் அறையப்பட்ட கிறித்துவிடம் வெளிப்பட்டது என்கிறார். உலகம் அதை மடமை என்றே எண்ணும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வலியில் கிடந்தவரிடம், தாகம் என்று கேட்டவரிடம், தாயை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவரிடம் ஞானத்தைத் தேடச் சொல்லும் நம்பிக்கை இது.

ஆகவே படுக்கையில் இருப்பவர் ஞானத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் அல்லர். சிகிச்சையின் எல்லையை நெருங்கிய நோயாளிகள் பலர், தம் குடும்பத்தைவிடவும் தெளிவாகத் தம் நிலையை அறிந்திருக்கிறார்கள். சொன்னால் உடைந்துவிடுவார் என்று வீட்டார் மறைக்கிறார்கள். தெரியும் என்று சொன்னால் வீட்டார் உடைந்துவிடுவார்கள் என்று நோயாளி மறைக்கிறார். இரு தரப்பும் அன்பினால் மௌனமாகி, கடைசி நாள்களைத் தனித்தனியே கழிக்கின்றன. அந்த மௌனத்தைக் கலைப்பதில் எங்கள் உதவியைக் கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் நோயாளியையே கேட்போம். அவர் விரும்பும் அளவுக்கு மெதுவாகச் சொல்வோம்.

செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, டயாலிசிசைத் தொடர்வதா போன்ற முடிவுகளில், எல்லாவற்றையும் செய்துவிடுவதே அன்பு என்று எண்ண வேண்டியதில்லை. குணம் தராமல் துன்பத்தை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை வேண்டாம் என்பது கைவிடுதலும் ஆகாது, கொலையும் ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இதை ஏற்கிறது. வலி தணிப்பும் தூய்மையும் வாய் நனைப்பதும் கைப்பிடித்து அமர்வதும் இறுதிவரை தொடரும். இறைவன் உயிரின் ஊற்று என்று நம்புவோர், உயிரைப் பிடித்துவைக்கும் கட்டாயம் கருவிக்கு இல்லை என்பதையும் ஏற்கலாம்.

இதோடு தொடர்புடைய ஒரு வேண்டுகோள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு. குருவை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று பலர் தாமதிக்கிறார்கள். முன்பு ‘அவஸ்தைபூசுதல்’ என்று வழங்கிய அருள்சாதனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ‘நோயில்பூசுதல்’ என்ற பெயரோடு, சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டுமன்றிக் கடும் நோயுற்றோர் எல்லாருக்கும் உரியதாக விளங்குகிறது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் அதைக் கேட்கலாம். நோயாளி நினைவோடு இருக்கும்போதே அழையுங்கள். வார்டில் அதற்கு இடமும் நேரமும் ஒதுக்கித் தருமாறு பொறுப்புச் செவிலியரிடம் சொன்னால் போதும். எந்தச் சமயத்தவரின் வேண்டுதலுக்கும் இதே மதிப்பு உண்டு.

எங்கள் வேண்டுகோள்

ஞானம் குறைந்தவர் இறைவனிடம் கேட்கட்டும், கேட்பவரைக் கடிந்துகொள்ளாமல் அவர் தருவார் என்பதும் யாக்கோபின் அறிவுரையே. அந்த வேண்டுதலில் நாங்களும் உங்களோடு சேர்ந்துகொள்கிறோம். மருந்துச்சீட்டு எழுதும் கைக்கும் அது தேவை, சீட்டை வாங்கும் கைக்கும் அது தேவை. அடுத்த முறை வரும்போது, மாத்திரைப் பெட்டியையும் பழைய சீட்டுகளையும் எடுத்துவாருங்கள். மனத்தில் உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிவாருங்கள். எழுத இயலாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவாருங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னவர் எவராயினும், நிறுத்துவதற்கு முன்பு ஒருமுறை எங்களிடம் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேச வேண்டுமானால், உங்கள் ஒப்புதலோடு நாங்களே பேசுவோம். வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது அவரை உடன் அழைத்து வந்தாலும் மகிழ்ச்சியே. அவருக்கும் ஒரு நாற்காலி போடுவோம்.